இரட்டை நூல் தையல்

ஹாய்ட்டுக்குத் தோள் சரிவு. பருத்தி பறித்துப் போடும் பையின் வார் நாலடிக்கு ஒருதரம் நழுவும். அதனால் அவன் மனைவி ஒலீட்டா அந்த வாரை அவன் மார்புக்குக் குறுக்கே இறுக்கி, இரட்டை நூலில் தைத்துவிட்டாள். ஒக்லஹோமாவில் அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். கலிபோர்னியாவில் கூலிக்காரனுக்கு ஓடவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்ட அன்று, தோட்ட முதலாளியின் அடியாட்கள் கோடரிக் காம்புகளோடு வயலில் இறங்கினார்கள். கூலிக்காரர்கள் எல்லோரும் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள், ஹாய்ட்டின் தம்பி டெல்மர் உட்பட. ஹாய்ட்டுக்குக் கழற்ற வரவில்லை. நிரம்பிய பை பின்னால் இழுக்க, குப்புற விழுந்தான். முதல் அடி முட்டியில். அடுத்தது வாயில். ஒலீட்டா அவன்மேல் விழுந்து வாரைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவள் போட்ட தையல், ஒரு இழை விடவில்லை. பைக்குள் இருந்த பருத்தியெல்லாம் சிவப்பானது.

அடுத்த வருஷம், ஒக்லஹோமாவிலிருந்து பிழைக்க வந்த இவர்களைப் போன்றவர்களைப் பற்றி ஒரு நாவல் வந்தது. அட்டை கிழிந்த பிரதி ஒன்று கூலிக்காரர் முகாமில் கைமாறி ஒலீட்டாவிடமும் வந்தது. முதலாளிகளுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கடும் கோபம். ஒரு மத்தியானம் கங்காணி கிராண்டல், தகர உருளையில் நெருப்பு மூட்டி, பத்திரிகைப் படக்காரனையும் வரவழைத்தான். ஒக்லஹோமாக்காரி ஒருத்தியே புத்தகத்தை எரிப்பதுபோல் படம் வேண்டும். எரித்தால் குடிசை அவளுக்கு. மறுத்தால், சளியில் இழுக்கும் மகள் பெர்னீஸோடு அன்றைக்கே வெளியே போக வேண்டும்.

"தூக்கிப் போட்டுட்டு வந்துடு அண்ணி. வெறும் காகிதம்தானே," என்றான் டெல்மர், பெர்னீஸைத் தோளில் போட்டுக்கொண்டு.

"இவளுக்குப் படிக்கத் தெரியுமாடா?" கிராண்டல் நெருப்பைக் கிளறியபடி சிரித்தான். "எரிக்கிறதுக்குப் படிப்பு எதுக்கு!"

"ரெண்டு தரம் படிச்சிருக்கேன்," என்றாள் ஒலீட்டா.

"அடேங்கப்பா! எப்படி இருந்துச்சு?"

"பொய்."

"கேட்டியாய்யா? எழுதிக்கோ!" என்றான் படக்காரனிடம்.

"இதுல சாகிறவனைச் சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க. எம் புருஷன் சாகிறப்போ ஒருத்தரும் நிக்கல."

டெல்மர் தலை குனிந்தான்.

"சரி சரி, போடு," என்று கிராண்டல் கையில் இருந்ததை நீட்டி உருளையைக் காட்டினான். அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் நெருப்பைக் கிளறியது ஒரு கோடரிக் காம்பால்.

புத்தகம் மண்ணில் விழுந்தது. காம்பு அவள் கைக்கு வந்தது. முதல் அடி முட்டியில். அடுத்தது வாயில். அவன் பற்கள் உடைந்த சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான்.

கிராண்டலின் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். டெல்மர் இந்தத் தடவையும் ஓடினான், தோளில் பெர்னீஸோடு. அவன் ஓடட்டும், இன்னும் வேகமாக ஓடட்டும் என்று அடிகளுக்கு நடுவே அவள் வேண்டிக்கொண்டாள்.

பூட்ஸ் காலால் அவள் வலது கையை மிதித்து நசுக்கினார்கள். அந்த விரல்களுக்கு அதன்பின் ஊசி பிடிக்க வரவில்லை.