முழங்கை வளைவில் பெரிய வெள்ளி

கூடலூருக்கு மேலே மலை ஏறும் வண்டிப்பாதையில் முழங்கை வளைவு என்று ஓர் இடம் உண்டு. கையை மடக்கினால் முழங்கை எப்படி நிற்குமோ, பாதை அங்கே அப்படி மடங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். மலைமேல் அணை கட்டும் வேலை நடந்த அந்த வருஷங்களில், அந்த வளைவின் முனையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் பிடித்து நிற்பது என் உத்தியோகம். யாராவது ஒருவர் கொடியைத் திரும்பிப் பார்த்திருந்தால் அதை உத்தியோகம் என்று கூசாமல் சொல்லிக்கொள்வேன்.

சுண்ணாம்பு ஏற்றிய வண்டிகள் கீழிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். அவற்றால் தொந்தரவில்லை, எதிரே வருவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தொந்தரவெல்லாம் சுண்ணாம்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வீட்டு நினைப்பில் இறங்கி வருபவர்களால்தான். இறக்கத்தில் நிறுத்தினால் வண்டி மாட்டின் மேல் சாய்ந்து கழுத்தை நெரிக்குமாம். நான் சிவப்புக் கொடியைக் காட்டினால், ஏதோ நான் வேட்டி காயப்போடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதே இறக்கத்தில், மேலே கல் உடைக்கிற இடத்திலிருந்து பெண்கள் சல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக இறங்குவார்கள். கீழே பாதையோரம் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்குத்தான் அந்தச் சல்லி. தலையில் கல் இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகுக்குப் பின்னால் வண்டி வருவது காதில் விழுந்தால்தான் உண்டு.

தை மாசத்தில் ராமுத்தாய் என்ற பெண்ணுக்கு அது காதில் விழவில்லை. சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து அவளைப் பிணமாக எடுத்தவன் நான். அதற்குப் பிறகு மேலிருந்து உத்தரவு வந்தது. எல்லா வண்டி மாட்டுக்கும் கழுத்து மணி கட்ட வேண்டும், மணிச்சத்தம் கேட்டதும் பெண்கள் ஒதுங்கி நிற்கப் பாறையில் ஆளுயரத்துக்குக் குழிவு வெட்ட வேண்டும். இன்னொருத்தியை நான் அப்படி எடுக்கக் கூடாது. அந்த வேலையில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

குழிவுகளை வெட்டினார்கள். வெட்டிய மறுநாளே அவற்றில் கஞ்சிக் கலயங்கள் குடியேறிவிட்டன. வெயில் படாத இடமாம், கஞ்சி புளிக்காதாம். பெண்களில் மூத்தவள் சந்தனம்மாளிடம் நான் தினமும் மல்லுக்கு நின்றேன்.

"அக்கா, அது ஆளு நிக்கிறதுக்கு வெட்டுனது. கலயம் நிக்கிறதுக்கு இல்ல."

"ஆளு எப்பவாச்சும்தானப்பா நிக்கப் போகுது. கஞ்சி தெனமும் நிக்கணும்ல."

ஆனாலும் மணி வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே மணிச்சத்தம் கேட்டால் போதும், பேச்சைக்கூட நிறுத்தாமல் பெண்கள் பாறையோடு ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு மாசத்தில் அது அவர்களுக்குப் பழகிப்போய், முன்பு அரைகுறையாகவாவது என் கொடியைப் பார்த்தவர்கள் அதையும் விட்டுவிட்டார்கள். மணி கேட்கவில்லை என்றால் வண்டி இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அப்போதுதான் பங்குனியில் பெரிய வெள்ளி வந்தது.

நாங்கள் வேதக்காரர்கள். மலையடிவாரத்தில் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய ஊர் எங்களுடையது. சேசுநாதர் பாடுபட்டு இறந்த அந்த நாளில் ஒருசந்தி நோன்பு இருப்போம், கோயிலை விட்டு நகர மாட்டோம். சாயங்காலம் மரித்த ஆண்டவர் சுரூபத்தைத் தூம்பா என்கிற பாடையில் கிடத்தி ஊரைச் சுற்றித் தோளில் சுமப்போம். அந்தத் தூம்பாவின் முன் இடக்கொம்பு எங்கள் குடும்பத்துத் தோளுக்கு உரியது. அப்பாவுக்குப் பின் என் தோள். ஆகவே ஓவர்சியரிடம் போய் லீவு கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைதான் வாராவாரம் வருதே," என்றார் அவர். "அதுல ஒண்ணப் பெரிசுன்னு சொல்லி லீவு கேக்குறியா? மழைக்கு முந்தி சுண்ணாம்பு மேல போயாகணும். பொழுது சாயவும் போய்க்க."

காலையில் வளைவில் வந்து நின்றேன். வயிற்றில் ஒன்றுமில்லை. பெண்கள் கல்லுக்காக மேலே போனார்கள். அவர்களில் என் மனைவி மதலேனாளும் இருந்தாள். பெரிய வெள்ளியன்று அவளுக்கு ஒருசந்தி போதாது, விடிந்ததிலிருந்து தூம்பா இறங்கும்வரை பேசாமலும் இருப்பாள். வருஷம் பூராவும் பேசுவதற்கு அது ஈடாகும் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்றைக்கு என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சரி.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு வண்டி ஏறி வந்தது. பக்கத்தில் வந்து நுகத்தடி கண்ணில் படும்வரை எனக்குத் தெரியவே இல்லை. மாட்டுக் கழுத்து இரண்டும் மொட்டையாக இருந்தன. ஓட்டி வந்தவர் என் மச்சான் இருதயம், மதலேனாளுக்கு அண்ணன். அவருக்குப் பின்னால் எங்கள் ஊர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தன.

"மச்சான், மணி எங்க?"

"வீட்டுல. மாதா படத்துக்கு முன்னால கழட்டி வச்சிட்டோம்."

"எதுக்கு?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துப் பூசைக்கு நீங்களுந்தான வந்தீக? வியாழன் பூசையிலருந்து சனிக்கிழமை வரைக்கும் மணிச்சத்தம் ஆகாதுல்ல."

"அது கோயில் மணி மச்சான். சாமியார் மாட்டு மணிய எங்க சொன்னாக?"

"மணின்னா மணிதான். ஆண்டவர் சிலுவையில தொங்கையில என் மாடு மட்டும் சலங்கை கட்டி ஆடணுமாக்கும்."

எனக்கு மண்டை காய்ந்தது. மனுஷன் பக்தியாகப் பேசினால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. அதைவிடக் கொடுமை, எனக்கே உள்ளுக்குள் அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது. அந்த இரண்டு நாளும் மணிச்சத்தம் காதில் விழாமல் வளர்ந்தவன் நான். விழுந்தால் உடம்பு கூசும். ஆனால் இந்த மணி இல்லாவிட்டால் இறங்கும்போது வண்டி யார் தலையில் ஏறப்போகிறது என்று கேட்டேன். இருதயம் யோசித்தார்.

"கோயில்ல மணிக்குப் பதிலா மரக்கட்டையத் தட்டுறாகல்ல. நாங்களும் இறங்கையில தார்க்குச்சியால நுகத்தடியத் தட்டிக்கிட்டே வாரோம். போதுமா?"

போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னைப் போன்ற வேதக்காரனுக்குத்தான் வரும். பெரிய வெள்ளியில் கட்டைச் சத்தம் கேட்டால் அது மணி என்று எனக்குத் தெரியும், இருதயத்துக்குத் தெரியும், மதலேனாளுக்குத் தெரியும். சந்தனம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் எங்கிருந்து தெரியும்? பாதி நாள் அவர்கள் காதில் விழுவதெல்லாம் சுத்தியல் சத்தமும் கட்டைச் சத்தமும்தானே. அவர்களிடம் சொல்லி வைக்கலாம் என்று மேலே ஓடினேன். சந்தனம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள், "கட்டைச் சத்தம் கேட்டா வண்டியா? அப்ப ஆசாரி மரம் இழைச்சாலும் ஒதுங்கணுமா?" பெண்கள் சிரித்தார்கள். நான் இன்னொரு தடவை விளக்கமாகச் சொல்வதற்குள், கீழே ஏறுகிற வண்டிக்காரன் யாரோ என்னைக் கூப்பிட்டுக் கத்தினான். கொடிக்கு ஓடினேன்.

மதியத்துக்குச் சற்று முன்பு முதல் வெறும் வண்டி இறங்கியது. இருதயத்தின் வண்டிதான். வளைவில் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சந்தனம்மாள், கடைசியில் மதலேனாள். மேலே டக் டக் என்று சத்தம் கேட்டது. நான் பச்சைக் கொடியைப் போட்டுவிட்டுச் சிவப்பை ஆட்டினேன், "வண்டி வருது, ஒதுங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று பள்ளத்திலிருந்து என் முகத்தில் அடித்துக் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை.

வரிசையின் கடைசி ஆள்தான் வழக்கமாக முதலில் வண்டியைத் தெரிந்துகொண்டு, "வண்டி, வண்டி" என்று முன்னால் சொல்லி அனுப்புவாள். அன்றைக்குக் கடைசி ஆள் மதலேனாள். அவளுக்குக் கட்டைச் சத்தம் புரிந்துவிட்டது என்பதை அவள் தோள் இறுகியதிலேயே கண்டுகொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாடுகள் அவள் முதுகுக்கு வந்துவிட்டன. அவள் தலையிலிருந்த கூடையை அப்படியே பாதையில் கவிழ்த்தாள்.

சல்லி கொட்டிய சத்தத்தில்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். மாடுகள் மிரண்டு பாறைப் பக்கம் ஒடித்தன. சக்கரம் பாறையில் உரசிக்கொண்டு நின்றது. பெண்கள் குழிவுக்குள் பாய்ந்தார்கள், அத்தனை கலயமும் நொறுங்கியது. மதலேனாளின் சேலைத் தலைப்பு சக்கரத்தின் ஆரக்காலில் சுற்றி, அவளை முட்டி போட வைத்து நின்றிருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் அவளும் ராமுத்தாய்தான். ஓடிப்போய்ச் சேலையைக் கிழித்து எடுத்தேன்.

"வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா என்ன?" என்று அவளிடம் கத்தினேன். அவள் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சந்தனம்மாள் வழிந்த கஞ்சியைப் பார்த்துக்கொண்டு, "ஏப்பா, இனி மத்தியானத்துக்கு எதைக் குடிக்கிறது?" என்றாள்.

இருதயம் வண்டியிலிருந்து இறங்கி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவர் காப்பாத்துனாரு மாப்ளே."

"இன்னைக்கு ஆண்டவரே சிலுவையில கெடக்காரு மச்சான். அவரக் காப்பாத்தவே ஆளில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கீழிருந்து ஒச்சாண்டி என்கிற வண்டிக்காரர் ஏறி வந்தார். எங்கள் வேதம் இல்லை, அவர் மாடுகளின் கழுத்தில் மணி தாராளமாகத் தொங்கியது. நடந்ததைப் பார்த்தவர், நான் கேட்டதும் ஒரு மணியை அவிழ்த்துக் கொடுத்தார். வளைவின் முனையிலிருந்து நானே அடித்தால் இரு பக்கமும் கேட்கும். இறங்குகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் அடிக்க வேண்டும்.

இருதயம் என் கையைப் பார்த்தார். "மாப்ளே, அத அடிக்காதீக. நம்ம ஆளுக அத்தன பேரும் இருக்காக. இன்னைக்கு மணி அடிச்ச கை சாயங்காலம் தூம்பாவத் தொட முடியாது. நான் சொல்லல, ஊரு சொல்லும்."

ஊர் சொல்லும் என்பது எனக்கும் தெரியும். சந்தனம்மாளிடம் கொடுத்து அடிக்கச் சொல்லலாமா என்றுகூடப் புத்தி போனது. என் பாவத்தையும் அவள் கூடையில் அள்ளிப் போடுவது போல இருந்தது. தவிர, முனையில் நின்று வண்டியையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு முட்டாளைப் போல நின்றேன்.

பெண்கள் சிதறிய சல்லியை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பவும் நடக்கத் தொடங்கினார்கள். வேலை என்றால் வேலை. மேலே எங்கள் ஊரின் அடுத்த வண்டி வளைவுக்குத் திரும்புவது எனக்குத் தெரிந்தது. டக் டக். யாரும் ஒதுங்கவில்லை. என் விரல் மணியின் நாக்கை விடவில்லை.

கிழிந்த சேலையோடு மதலேனாள் என் எதிரே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"அடிங்க," என்றாள்.

அடித்தேன். பாறையிலும் பள்ளத்திலும் அந்தச் சத்தம் முட்டி எதிரொலித்தபோது உடம்பெல்லாம் எனக்குக் கூசியது. கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப் போல இருந்தது. பெண்கள் சட்டென்று பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் என் ஊர்க்காரன், என் சின்ன வயசுச் சிநேகிதன். முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இருதயமும் தம் மாடுகளைத் தட்டிக் கிளப்பினார். என்னைத் தாண்டும்போது குனிந்தபடி, "சாயங்காலம் முன்கொம்புக்கு வேற ஆளு பாத்துக்கிறோம்," என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்பா பிடித்த கொம்பு. கண் நிறைந்துவிட்டது, துடைக்க ஒரு கையும் காலியாக இல்லை. மேலே இன்னொரு வண்டி திரும்பியது. அடித்தேன்.