மார்லீன் கடை மெஷின்

ஏழாம் தேதி காலையில் அட்டையில் பணம் ஏறும். ஏறிய பணம் மதியத்துக்குள் மாவாகவும் பாலாகவும் பீன்ஸாகவும் மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருடன் முந்திக்கொள்வான். கென்டக்கி மலையோரத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் அரசு தரும் உணவு அட்டையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இப்போது இதுதான் பஞ்சாங்கம்.

லோரெட்டாவுக்குப் போன மாதம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் பறிபோயிற்று. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து அட்டையைத் தேய்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. எண்ணூறு மைல் தள்ளி, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத ஊரில், யாரோ டப்பா டப்பாவாகப் பால்பவுடர் வாங்கியிருந்தார்கள். "போனது போனதுதாம்மா. இப்பல்லாம் திருப்பித் தர்றதில்ல" என்று அலுவலகத்துப் பெண் ஒரு புது அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கோடை விடுமுறை வேறு. பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் மூன்று வேளையும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அட்டையின் ரகசிய எண் அவளுக்கும், அவளோடு தங்கியிருந்த தம்பி டுவேனுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அட்டையோடு மார்லீனின் மளிகைக் கடைக்குப் போய்வருபவன் அவன்தான். ஒரு காலத்தில் போதை மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, அம்மாவின் தையல் மெஷினையே விற்றுத் தின்றவன். விட்டு இரண்டு வருடமாகிறது. ஆனால் பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, லோரெட்டாவுக்கு முதலில் பறந்தது நம்பிக்கை.

"நம்பரை எவன்கிட்டடா வித்த? என் பிள்ளைங்க சோத்துலயே கை வெச்சிட்டியே!"

"நான் இல்லக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான் டுவேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மர ஆலை வாசலில் தன் பழைய வண்டியிலேயே படுத்துக்கொள்கிறான் என்று கேள்வி.

இன்று ஏழாம் தேதி. மார்லீன் கடையில் கல்லாவுக்கு முன்னால் லோரெட்டா நின்றுகொண்டிருந்தாள். கூடையில் பத்து நாளுக்கான சாமான். திருட்டுக்குப் பயந்து போன் வழியாகவே பூட்டி வைத்திருந்த புது அட்டையை இப்போது திறந்தாயிற்று. இனி ஒவ்வொரு நொடியும் ஆபத்து.

அட்டையையும் ரகசிய எண்ணையும் களவாடும் போலி முகப்பு மேலே ஒட்டியிருக்கிறதா என்று, அட்டையைத் தேய்க்கும் முன் மெஷினின் முகப்பைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். பெட்ரோல் பங்கிலும் நெடுஞ்சாலைப் பெரிய கடையிலும் ஊரே இழுத்துப் பார்க்கும். மார்லீன் கடையில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ஒரே தேவாலயத்துக்காரி, நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள். அவள் மெஷினைச் சோதிப்பது, சொந்தக்காரர் வீட்டில் கொடுத்த தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் குடிப்பது போல.

"என்னடி, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி நெளியுற? தேயேன்!" என்றாள் மார்லீன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

லோரெட்டா அட்டையை மெஷின் வரைக்கும் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. சூடுபட்ட பூனை சொந்தம் பந்தம் பார்க்குமா? அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினின் விளிம்பில் நகத்தைக் கொடுத்தாள்.

"ஏய், என் மெஷினையா நோண்டுற? உங்கம்மா சாவுக்கு மூணு நாள் ஆக்கிப் போட்டவடி நான்!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. மனசு கேக்கல."

இழுத்தாள். முகப்பு, பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து சட்டி மூடி மாதிரி கையோடு வந்தது. அடியில் இன்னொரு முகப்பு, அதே பொத்தான்கள். கையில் இருந்ததன் உள்பக்கம் சின்னதாக ஒரு பேட்டரியும் ஒயர்களும் ஒட்டியிருந்தன.

மார்லீன் வெளிறிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மே மாசம் ஒருத்தன் மெஷின் பாக்கணும்னு வந்தானே... பாவி, அவனுக்குக் காப்பி வேற போட்டுக் குடுத்தேனே! என் கையாலயே எத்தனை பேரு அட்டையைத் தேய்ச்சிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "உன் காசாவது தப்பிச்சுதுடி, லோரெட்டா" என்றாள்.

தப்பித்ததுதான். ஆனால் லோரெட்டாவுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. டுவேன் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கியதுதான் கண்முன் வந்து நின்றது. கூடையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து போன் போட்டாள். ஒரு மாதத்தில் முதல் தடவை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அக்கா? இந்த மாசமும் போயிடுச்சா?"

"டேய், டுவேன்..." என்று ஆரம்பித்தாள்.

"சத்தியமா நான் இல்லக்கா" என்றான் டுவேன். "சரி, அது கெடக்கட்டும். பிள்ளைங்க சாப்ட்டாங்களா? எங்கிட்ட நாப்பது டாலர் இருக்கு. இப்பவே கொண்டாரேன்."