கொசுறு நாட்கள்

பெய்ஷென் காலைத் தேநீருக்கு உட்கார்ந்ததும், கிண்ணத்துக்குப் பக்கத்தில் மனைவி வைத்திருந்த பிரஷர் மாத்திரையை ஒரு ரொட்டித் துண்டால் ஓரமாகத் தள்ளினார். கையால்கூடத் தொடவில்லை. ஊல்கான் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பது நாளாக இதே கூத்து.

ஒன்பது நாளுக்கு முன்னால்தான் அவருக்கு அறுபத்து மூன்று பிறந்தது. நபிகள் வாழ்ந்த வயது. அதைத் தொட்ட ஆம்பிளைக்கு நாரின் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் குதிரை அறுத்து விருந்து வைப்பார்கள். இவருக்கும் வைத்தார்கள். வந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தோளில் தட்டி, இனி வாழ்வதெல்லாம் கொசுறுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். இந்த மனிதர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஊல்கானுக்கு ஐம்பத்தெட்டு வயது. டாக்டர் இல்லாத அந்த ஊரின் சுகாதார நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் அவள்தான். பெண்கள் சொன்னால் கேட்பார்கள். ஆண்கள் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவதற்கே ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். அறுபத்து மூன்று தாண்டிவிட்டால் அந்தச் சாக்கும் வேண்டாம். போன மாதம் நாரினில் நடந்த கூட்டத்தில், எந்த நாட்டுக்காரர்கள் எத்தனை வயது வரை இருக்கிறார்கள் என்று ஒரு படம் காட்டினார்கள். ஜப்பானில் ஆண்கள் சராசரியாக எண்பதைத் தாண்டிவிடுகிறார்கள். இங்கே எழுபதைத் தொடுவதற்குள் மூச்சு முட்டுகிறது. அதைப் பார்த்தபோது ஊரிலுள்ள விதவைகளின் முகம்தான் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் கணவரிடம் அந்த ஜப்பான் கணக்கைச் சொன்னாள்.

"மீனைத் தின்னு தின்னு அவனுங்களுக்குச் சாகவே மறந்துபோச்சு போல" என்று சிரித்தார் பெய்ஷென்.

"விளையாடாதீங்க. உங்க பிரஷர் நூத்தித் தொண்ணூறு."

"நபியவங்களுக்கு மேல வாழணும்னு நான் ஆசைப்படறது நல்லாவா இருக்கு? வந்தா வரட்டும். ஒரே மூச்சுல போய்ச் சேந்துடுவேன். உனக்குத் தொந்தரவே குடுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகும் அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். மாத்திரையைப் பொடித்துச் சூப்பில் கலந்துகூடப் பார்த்தாள். அதை அவர் கண்டுபிடித்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். விட்டது தப்பு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் எத்தனை பேரிடம்தான் ஒருத்தி மல்லுக்கட்டுவாள்?

மார்ச் மாதம் ஆட்டுக் கொட்டிலில் தீவனம் போடும்போது பெய்ஷென் விழுந்தார். சாகவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் விளங்காமல் போயின, வாய் கோணிக்கொண்டது.

அதற்கப்புறம் மூன்று வருஷம். பகலெல்லாம் ஊராருக்கு உழைத்துவிட்டு வந்து, அந்தப் பெரிய உடம்பைப் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், மலம் எடுக்க வேண்டும். ஊல்கானின் இடுப்பு விட்டுப்போயிற்று. சில நாள் அவரைத் தூக்கும்போது, இவர் சொன்னபடி போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று நினைப்பாள். நினைத்ததற்காக அழுவாள்.

இந்த வருஷம் அவருடைய தம்பி முகாஷுக்கு அறுபத்து மூன்று. அவனுக்கும் பிரஷர். விருந்துக்கு முந்தின வாரமே, இனி மாத்திரையெல்லாம் எதற்கு என்று அண்ணியிடம் சிரித்துவிட்டுப் போயிருந்தான். இன்னொருவரிடம் மல்லுக்கட்ட ஊல்கானுக்குத் தெம்பில்லை.

விருந்தில் அண்ணன்தான் ஆசி சொல்ல வேண்டும். நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். எல்லோரும் இரு கையையும் ஏந்தினார்கள். பெய்ஷென் இடது கையை மட்டும் ஏந்தினார். குழறிக் குழறித்தான் பேச்சு வந்தது.

"முகாஷ், நானும் கொசுறுன்னுதான் சொன்னேன். மாத்திரையை நிறுத்தினா சாவு வரும்னு நெனச்சேன். வரலடா. படுக்கைதான் வந்துச்சு." மூச்சு வாங்கினார். "மூணு வருஷமா நான் இருக்கிற ஒவ்வொரு நாளும் உங்க அண்ணியோட ஆயுசுலேந்து எடுத்தது. கொசுறுன்னு ஒரு நாளும் கெடையாது. எல்லாம் அல்லா குடுத்த நாள்தான், ஒழுங்கா நடமாடி வாழறதுக்குக் குடுத்தது. நாம உடம்பைப் பாக்காம விட்டுட்டு, விதின்னு பேர் வெச்சு, பாரத்தைப் பொம்பளைங்க தலையில எறக்கறோம்."

ஆமீன் என்று மெல்ல, ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

முகாஷ் எழுந்து, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஊல்கானிடம் வந்தான். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். "பாருங்க அண்ணி."

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஊல்கானுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில நிலையத்துக்கு வாங்க, எல்லாரும்" என்றாள். "மாத்திரை தர்றேன், எத்தனை வேணும்னாலும் தர்றேன். ஆனா இன்னொருத்தரைத் தூக்க எனக்கு ஒடம்புல தெம்பில்ல."