ஒன்றே முக்கால் புயல்

மாதம் முடிந்து ஆறாம் தேதிக்குள் உலகத்துப் புயல்களையெல்லாம் எண்ணி முடித்துவிட வேண்டும். எண்ணுகிறவள் ஒருத்திதான். வானிலை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், ஒரு கால் ஆடுகிற மேசையில் பதினாலு வருடமாக உட்கார்ந்து எண்ணுகிறாள். பதினாலு வருடமும் ஒப்பந்த வேலைதான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆபீசில் அவளைப் புயலக்கா என்று கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண்ணுக்கு வைத்த பேரைப் பாருங்கள்.

அட்டவணையில் கடலுக்கு ஒன்றாக ஏழு வரிசை. போன மாதம் எத்தனை புயல், முப்பது வருடச் சராசரி எத்தனை, அதற்கு மேலேயா கீழேயா என்று மூன்று கட்டம். மேற்கு பசிபிக்கில் ஐந்து, சராசரி மூன்று புள்ளி எட்டு, மேலே. அட்லாண்டிக்கில் இரண்டு, சராசரியும் இரண்டு. தெற்குப் பக்கம் பருவம் இன்னும் தொடங்கவில்லை, சைபர். கடைசி வரிசை சொந்தக் கடலுக்கு. அதன் சராசரி ஒன்று புள்ளி ஏழு.

புயலை எந்த மாதத்தில் சேர்ப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு. காற்று முதன்முதலாகப் புயல் வேகத்தைத் தொட்ட நேரம் எதுவோ, அந்த நேரத்து மாதம். அப்புறம் அது பத்து நாள் கடலில் சுற்றினாலும் சரி, கரையேறி ஊரையே புரட்டினாலும் சரி, பிறந்த மாதத்துக்குத்தான் சொந்தம். நேரம் என்றால் உலகப் பொது நேரம். மற்ற தேசத்துக் காகிதங்களெல்லாம் பொது நேரத்திலேயே வரும். கடற்கரை ராடார் நிலையத்துக் காகிதம் மட்டும் உள்ளூர் நேரத்தில் வரும். அதில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். பதினாலு வருடமாகக் கழித்துக் கழித்து அது அவள் கைக்கே பழகிப்போயிருந்தது. இப்போது மனசு கழிப்பதில்லை, கைதான் கழிக்கிறது.

அந்தத் தடவை ராடார் காகிதத்தில் 'ஒன்றாம் தேதி, இரண்டு மணி' என்று இருந்தது. கை ஐந்தரை மணியைக் கழித்தது. முந்தின நாள், முப்பத்தொன்றாம் தேதி, இரவு எட்டரை. 'அடடே, முந்தின மாசத்துப் பிள்ளையாடா நீ' என்று சிரித்துக்கொண்டே அந்தப் புயலை முந்தின மாதத்துக்குத் தள்ளினாள். துல்லியமாகப் பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. சொந்தக் கடலுக்கு மிஞ்சியது ஒரே ஒரு புயல். ஒன்று, சராசரி ஒன்று புள்ளி ஏழு, கீழே.

அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். 'சரிபார்த்தவர்' என்ற இடத்திலும் அவளே போட்டாள். சரிபார்க்கிறவர் பதவியை மேலிடம் எடுத்துவிட்டு ஒன்றரை வருடமாகிறது. கட்டத்தை மட்டும் எடுக்கவில்லை.

பத்தாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, எங்க கேங்கை எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா?"

"இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. போன மாசம் புயல் சராசரிக்குக் கீழயாம். பருவம் அடங்கிடுச்சாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள லைன் வீட்டையும் காலி பண்ணணுமாம்."

துறைமுகத்தில் அது ஒரு ஏற்பாடு. புயல் பருவத்தில் கப்பல்களுக்குக் கூடுதல் வடம் போட்டுக் கட்ட ஒரு கேங்கை வைத்துக்கொள்வார்கள். இருக்க வீடும் உண்டு. மாதாமாதம் வானிலை அட்டவணையைப் பார்ப்பார்கள். மேலே என்றால் கேங் இருக்கும். கீழே என்றால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். புயலக்காவுக்கு இது தெரியாததில்லை. கேங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினவளே அவள்தான்.

"அதெப்படிக்கா கீழ? போன மாசம் மூணாந்தேதி அடிச்சுதே ஒண்ணு, ரெண்டு நாள் நாங்க தூங்கவேயில்லையே!"

"பாக்குறேன்டா" என்றாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். டப்பாவுக்கு அடியில் சூடு பாயாமல் இருக்க மடித்துப் போட்டிருந்த காகிதம் ஒன்று இருந்தது. குழம்புக் கறையோடு அதை விரித்துப் பார்த்தாள். ராடார் நிலையத்துச் சுற்றறிக்கை. சென்ற மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து தங்கள் காகிதங்களிலும் பொது நேரமே எழுதப்படும் என்று இரண்டே வரி.

ஏற்கெனவே கழித்து வந்த நேரத்தை அவள் இன்னொரு தடவை கழித்திருக்கிறாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! இரண்டு புயல். ஒன்றல்ல, இரண்டு. மேலே.

சூப்பிரண்டு நல்ல மனிதர்தான். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார். துறைமுகத்துக்கு இன்னைக்கே ஒரு திருத்தம் அனுப்பிட்டா..."

"அனுப்பினா ஏன் தப்பு வந்துச்சுன்னு கேப்பான். ரெண்டு கையெழுத்தும் ஏன் ஒரே மாதிரி இருக்குன்னு கேப்பான். போஸ்ட்டை எடுத்தது மேல இருக்கிறவன், மாட்டுறது நீயும் நானும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வருஷக் கடைசியில இறுதி அட்டவணை போடுறோமில்ல? அதுல ஒரு நட்சத்திரம் போட்டுச் சரி பண்ணிடலாம். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றான்."

"அதுக்குள்ள அங்க ஆளுங்க..."

"உன் ஒப்பந்தம் எப்பம்மா முடியுது?"

"அடுத்த மாசம் சார்."

அவர் தலையாட்டினார். சுற்றறிக்கையை மடித்து அவளிடமே நீட்டினார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்த கணவனுக்கு மருந்து இந்த ஆபீஸ் அட்டையில்தான் வருகிறது. படியிறங்கும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சார்தான் வேண்டாம் என்றார், நாமாக மறைக்கவில்லை என்று ஒரு சமாதானம். தப்பைவிட அந்த நிம்மதிதான் பிற்பாடு அவளை அதிகம் அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுக்குப் போனாள். தகரக் கூரை போட்ட பதினொரு அறை, அறைக்கு இரண்டு குடும்பம், நடுவில் துணி மறைப்பு. வாசலில் சுருட்டின பாய்கள், பாத்திர மூட்டை, கயிறு கட்டின ஸ்டவ். தம்பி பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. உக்காரச் சொல்ல ஒரு பலகைகூட இல்ல, எல்லாத்தையும் கட்டியாச்சு. ஆணியாவது மிஞ்சட்டும்னு பிடுங்குறேன்." சிரித்தாள். "ஊர் உலகமெல்லாம் புயல் வேணாம்னு சாமி கும்பிடுது. நாங்க மட்டும் வரலையேன்னு அழுறோம். எங்க வேண்டுதல் எந்தச் சாமிக்கு ஏறும்?"

உள்ளே கேங்குக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேஸ்திரி. அவர் மடியில் ஒரு முழுத்தாள், மனு. ஒன்றாம் தேதி எச்சரிக்கைக் கொடி ஏறியது, எந்தக் கப்பலுக்கு எத்தனை வடம் போட்டது, எது அறுந்தது என்று எல்லாம் எழுதி, அடியில் இருபத்திரண்டு கையெழுத்து. அதில் பெருவிரல் ரேகை ஆறு. நாளைக் காலை துறைமுக அதிகாரியிடம் கொடுத்து, வானிலை ஆபீசில் மறுபடி விசாரிக்கச் சொல்லுவதாக இருந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா" என்றார் மேஸ்திரி. "கடல்ல புயலே இல்லைன்னா ரெண்டு நாளா நாங்க என்னத்தைக் கட்டினோம், எருமை மாட்டையா?"

தம்பி வலது உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே விரித்தான். குறுக்கே வடம் ஓடின தடம். மேல்தோல் மூடியிருந்தது, அடியில் இளஞ்சிவப்பாக இன்னும் ஈரம் தெரிந்தது. இரண்டு விரல் முழுதாக நிமிரவில்லை. "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குக்கா? இது என்ன, பூனை பிராண்டினதா?"

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதே சொல்லிவிட வேண்டும். என் தப்புதான்டா, உன் அக்கா செய்த தப்பு என்று சொல்லிவிட வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அதென்னக்கா சராசரி ஒண்ணே முக்கால் புயல்?" என்றான் தம்பி, அவள் கலங்குவதைப் பார்த்துச் சிரிக்கவைக்க. "முக்கால் புயல் எப்படி அடிக்கும்? முட்டி வரைக்கும் நனைச்சிட்டுப் போயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். திருடனைத் தேள் கொட்டின மாதிரி நின்றாள் அவள்.

"புயல் இருந்துச்சு" என்றாள். "இல்லைன்னு யாரும் சொல்லல. ஆனா அது முந்தின மாசம் முப்பத்தொண்ணாந்தேதியே உருவாயிடுச்சு. பிறந்த மாசத்துலதான் சேர்ப்போம். உலகம் பூரா அதான் விதி."

"முப்பத்தொண்ணாந்தேதியா?" மேஸ்திரி மனுவைப் பார்த்தார். "கொடி ஒண்ணாந்தேதிதானேம்மா ஏத்தினான்?"

"கொடி இங்க ஏத்துறது. அது நடுக்கடல்ல பிறக்குறது."

"அப்ப கணக்கு சரிங்கிறீங்க?"

"விதிப்படி சரி."

மேஸ்திரி தாளை நாலாக மடித்தார். "நம்ம வீட்டுப் பிள்ளையே சொல்லுது. வேற எவனாவது சொல்லியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். விடுங்கடா. விதி அப்படின்னா யாரோட சண்டை போடுறது?" மடித்த தாளைத் தம்பியிடம் கொடுத்தார். "கிழிச்சுப் போட்டுடு."

கிளம்பும்போது தம்பி தெருமுனை வரை வந்தான். "உன்னால முடிஞ்சா செஞ்சிருக்க மாட்டியாக்கா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத" என்று அவளைத் தேற்றினான். அவன் தேற்றத் தேற்ற அவளுக்கு அழுகை முட்டியது. அழக்கூட யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வருடம் முடிந்ததும் இறுதி அட்டவணை போட்டார்கள். சொந்தக் கடல் வரிசையில் ஒன்று என்பதை அடித்து இரண்டு என்று எழுதினாள். கீழே என்பது மேலே ஆயிற்று. எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம். அடிக்குறிப்பில் 'மறுஆய்வில் திருத்தப்பட்டது' என்று இரண்டே வார்த்தை. யார் திருத்தினது, எதற்கு என்று எவனும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். அச்சாகி வந்த பிரதி ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்த வாரமே தம்பி வீட்டுக்குப் போனாள். இன்றைக்குக் காட்டிவிடுவது என்றுதான் போனாள்.

தம்பி இப்போது ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தான். விடியக்காலையில் துறைமுகக் கேட்டில் போய் நிற்பான். தினக்கூலிக்கு ஆள் பொறுக்குகிறவன் முதலில் கையைத்தான் பார்ப்பானாம். இரண்டு விரல் நிமிராதவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. அன்றைக்கும் கிடைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில்தான் இருந்தான்.

"வா வா அக்கா. பாத்தியா, பருவம் முடிஞ்சப்புறம் வந்திருக்கு ஒண்ணு. கொடி ஏத்திட்டான்." வெளியே காற்று ஊளையிட்டது. "கேங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. கேட்டுல நின்னவன்ல பாதிப் பேரைப் பிடிச்சு வடம் கட்ட விட்டிருக்கான். புதுப் பசங்க. அவனுங்களுக்கு முடிச்சே போடத் தெரியாது." பிறகு பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்: "நம்ம அக்கா எண்ணுவா இதை. அவ கணக்கு தப்பாது."

தம்பி பெண்டாட்டி டீ போட்டாள். குழந்தை புயலக்காவின் பையைத் திறந்து உள்ளே கையை விட்டது. வெடுக்கென்று பையை இழுத்துக்கொண்டாள் அவள். குழந்தை மிரண்டு அழுதது.

அந்த நேரம் ஒரு காற்று. ஜன்னல் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. சந்தில் செருகியிருந்த காகிதம் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது.

"அதை எடுத்துச் செருகிடுக்கா" என்றான் தம்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டே. "கதவு ஆடாம இருக்க வெச்சது. கெட்டிக் காகிதம்."

எடுத்தாள். நாலாக மடித்தது. மடிப்பில் மழைக்கறை. ஒரு ஓரம் விரிந்து, பெருவிரல் ரேகைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு மேலே தம்பியின் கையெழுத்து, விரல் இரண்டும் நிமிராத கையால் கோணல்மாணலாகப் போட்டது.

"என்னக்கா, நிக்கிற? மழை உள்ள வருது பாரு."

அவள் காகிதத்தை எட்டாக மடித்தாள். சந்தில் வைத்து, கட்டைவிரலால் உள்ளே போகும் மட்டும் அழுத்தினாள். கதவு ஆடுவது நின்றது.