சாந்த யானை

ஊருக்கெல்லாம் ஏசி ரிப்பேர் செய்கிறவன் வீட்டு ஏசிதான் ஒழுகும். மாடி வீட்டு மெக்கானிக்கின் ஏசி இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவும் நேராகக் கீழ்வீட்டு ஜன்னல் வழியாக, அவனுடைய சொந்த அண்ணன் கட்டில் மேலே. சரிசெய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் முதல் நாளே அண்ணன் வாசலில் நின்று, "உனக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார். இவன் பதிலுக்கு இரண்டு மடங்கு கத்தினான். அன்றோடு பேச்சு நின்றது, ஒழுகல் நிற்கவில்லை. அண்ணனும் வீம்புக்குக் கட்டிலை நகர்த்தவில்லை. நகர்த்தினால் தோற்றதாகிவிடுமாம்! அண்ணனுக்குத் தம்பி சளைத்தவனா என்ன?

இந்த லட்சணத்தில் தம்பிக்கு ஃபோர்மேன் வேலை தேடி வந்தது. வெளிநாட்டு இன்ஜினியர்களோடு அவர்கள் பாஷையில் பேச வேண்டும், வெள்ளிக்கிழமை தேர்வு. அதற்குள் இன்டர்நெட்டில் பத்துப் பாடமும் முடித்திருக்க வேண்டும்.

அந்தத் தளம் படிக்கிறவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடும். முகம் தெரியாது, குரல் மட்டும். பெயரையும் தளமே வைக்கும். இவன் 'நீலக் கிளி', இவனுடைய ஜோடி 'சாந்த யானை'. வேறு பாஷையில் ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைய பாடம் ரத்து, மறுநாள் மறுபடி படிக்க வேண்டும். பாதியில் கட் செய்தால் ஜோடியே போச்சு, வேறு ஜோடி கிடைக்க ஒரு வாரம் ஆகும்.

யானை தங்கமான மனுஷன். "வணக்கம் ஐயா, தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?" என்றுதான் அந்தப் பாஷையில் ஆரம்பிப்பார். மகள் தூர தேசத்தில் இருக்கிறாள், பேரனுக்கு அந்த ஊர்ப் பாஷைதான் வரும், அவனோடு பேசவே படிக்கிறேன் என்று மூன்றாம் பாடத்தில் சொன்னபோது இவன் பாடத்தையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மனுஷன்னா இவர் மனுஷன்!" என்று மனைவியிடம் உருகினான். "கீழ ஒண்ணு இருக்கே, இவர் கால் தூசிக்கு ஆகுமா?"

பத்தாம் பாடம், செவ்வாய் சாயங்காலம். தலைப்பு, 'அண்டை வீட்டாரிடம் பணிவாகக் குறை சொல்லுதல்'. இவன் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்த நேரம் பார்த்து மனைவி சமையலறையில் மிக்சியைப் போட்டாள்.

"மன்னிக்கவும் ஐயா," என்றது யானை. "மேல்வீட்டில் ஓர் இயந்திரம் ஓடுகிறது. ஒரு நிமிடம்."

டொம், டொம், டொம். துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் சத்தம் ஹெட்போனில் கேட்டது. அதே டொம் டொம் இவன் உள்ளங்காலிலும் இடித்தது.

இவன் இரண்டு காலையும் வெடுக்கென்று தூக்கிக்கொண்டான். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? மகள் வெளிநாட்டில் இருக்கிற அப்பா தெருவுக்கு நாலு பேர். அண்ணன் மெதுவாகப் பேசி இவன் கேட்டதே இல்லை, அதனால்தான்.

மிக்சியை அணைத்துவிட்டு வந்த மனைவியிடம் ஹெட்போன் மைக்கைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அவள் வாயில் கை வைத்தாள். "ஐயையோ! கட் பண்ணுங்க முதல்ல!"

"பண்ணா வேலை போச்சு. இது கடைசிப் பாடம்டி."

அது பாதி நிஜம். மீதி என்னவென்றால், அந்தக் குரலை விட்டுவிட இவனுக்கு மனசில்லை. தமிழில் திட்டுவதென்றால் ஆயிரம் வார்த்தை உண்டு இவனிடம். இந்தப் பாஷையில் ஒன்றுகூடத் தெரியாது. பத்துப் பாடமும் மரியாதை, மரியாதை, மரியாதைதான்.

"தங்கள் குறை என்ன ஐயா?" என்று கேட்டான்.

"மேலிருந்து என் கட்டிலில் நீர் விழுகிறது."

"மேலே யார் வசிக்கிறார்?"

"என் தம்பி. நல்ல பையன். சிறு வயதில் அவனை என் தோளில் சுமந்து பள்ளிக்குச் செல்வேன். இப்பொழுது அவன் என் தலையில் தண்ணீர் விடுகிறான்."

இவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பாழாய்ப்போன அரை மணி நேர வேலை! அதற்காகவா இரண்டு வருஷம்?

"கவலை வேண்டாம் ஐயா," என்றான், குரல் தடுமாற. "தங்கள் தம்பி நாளை வந்து சரிசெய்வார்."

"என் தம்பி நாளை வருவாரா?" என்று அந்தப் பக்கம் யானை ஒரு முறை சொல்லிப் பார்த்தது. பிறகு யானை தொண்டையைச் செருமிக்கொண்டு அசல் தமிழில் பிளிறியது.

"நாளைக்கு எதுக்குடா? இப்பவே வாடா!"

'பாடம் ரத்து' என்று திரை சிவந்தது. இவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். தரைக்கு அடியிலிருந்து அதே குரல், தெருவே கேட்கும்படி மேலேறி வந்தது.

"ஏணியையும் எடுத்துட்டு வா! பாடத்தை நாளைக்கு இங்கயே உக்காந்து படிச்சுக்கலாம்!"