நெருப்பு வேலை

“ம்மா, கொழும்பு வந்துட்டேன்! மிளகா சுட்டாச்சா?”

ஜாஸ்லினின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்தினார்கள். மனைவியின் போனுக்கு மகள் அனுப்பிய குரல் பதிவு அது; அற்புதசாமி பதறிப்போய்ப் போனை அமுக்கினார். எதை அமுக்கினாரோ, குரல் நிற்கவில்லை.

“அடுத்த ஃப்ளைட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் வர்றதுக்குள்ள அது நல்லா ஊறியிருக்கணும், சொல்லிட்டேன். அப்புறம், ஏர்போர்ட்டுக்கு அந்தக் கட்டம்போட்ட பழைய சட்டையை மாட்டிக்கிட்டு வர வேணாம்னு அப்பாகிட்ட சொல்லும்மா. ஒவ்வொரு தடவையும் அதே சட்டை. சரி, வர்றேன்.”

அவர் அந்தச் சட்டையில்தான் இருந்தார். காலையில் ரோசரியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மாட்டியது. ‘வரும்போதே உயிர் இல்லீங்க’ என்று டாக்டர் சொன்னதும், துக்க மணி அடித்ததும், பெட்டி வந்து இறங்கியதும் எல்லாம் அதே சட்டையில்தான்.

பெட்டிக்குள் ரோசரி கல்யாண நாள் புடவையில் படுத்திருந்தாள். மகள் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டும் கண் திறக்கவில்லை.

இத்தாலியில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள், மூன்று வருஷம் கழித்து லீவில் வருகிறாள். தாய் போன சேதி அவளுக்குத் தெரியாது. தனியாக வரும் பெண், ஆகாயத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது? தரையிறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். சொல்ல வேண்டியவர் மட்டும் அற்புதசாமி.

“பதில் போடாட்டி சந்தேகப்படும்ணே. ஏதாவது எழுதுங்க” என்றாள் அவருடைய தங்கை பேட்ரிசியா.

பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. யோசித்து, ஒரே வார்த்தை எழுதினார். ‘சுட்டாச்சு.’

அது உண்மைதானே? காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ரோசரி சிவப்புக் குடைமிளகாய்களைக் கம்பி வலைமேல் வைத்து அடுப்புத் தீயில் சுட்டுக்கொண்டிருந்தாள். கறுப்பாகத் தோல் கரியும்வரை சுட வேண்டும். பிறகு மூடி வைத்து, தோலை உரித்து, எண்ணெயிலும் வினிகரிலும் பூண்டிலும் ஊறவைக்க வேண்டும். முன்பு ஒரு லீவில் மகள் முதன்முதலாகச் செய்து காட்டியபோது, “கரிஞ்சதை எவ திம்பா?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டவள் ரோசரி. கடைசியில் பாட்டிலை வழித்து நக்கியதும் அவளேதான். அன்றிலிருந்து அது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். எப்போது வந்தாலும் மேஜைமேல் அந்தப் பாட்டில் இருக்கும்.

காலையில் வீடெல்லாம் புகை.

“மனுஷன் மூச்சு விட வேணாமா? ஜன்னலைத் தொறயேன்” என்று கூடத்திலிருந்தே கத்தினார்.

“எனக்கும்தாங்க நெஞ்சை அடைக்குது.”

“அடைக்காம என்ன செய்யும், இவ்ளோ புகைக்கு?”

சொல்லிவிட்டுப் பேப்பரில் அடுத்த பக்கம் புரட்டினார். அதை அவர் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை குரல் இல்லை, எழுத்து. ‘சூப்பர்மா! தோல் உரிச்சாச்சா? அப்பா உதவி பண்றேன்னு தண்ணில கழுவிடப் போறார், பாத்துக்கோ.’

அற்புதசாமி எழுந்து சமையலறைக்குப் போனார். மேடை பளிச்சென்று துடைத்திருந்தது. ரோசரி மூடி வைத்திருந்த அலுமினியப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

“பேட்ரிசியா! இதுல இருந்த மிளகா எங்க?”

“அதுவாண்ணே? அண்ணி விழுந்த நேரத்துல அடுப்புல கிடந்து கருகிப் போயிருந்துச்சு. நிலக்கரி மாதிரி. கவர்ல கட்டி, நாளைக்குக் காலைல குப்பை வண்டிக்குப் போடலாம்னு கேட்டுல மாட்டி வச்சிருக்கேன்.”

“கருகலடி. சுட்டது.”

“என்னது?”

அவர் அதற்குள் வாசலில் இருந்தார். சாமியானாவின் கீழே நாற்காலிகளில் இருந்தவர்கள் துக்கம் கேட்க எழுந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஆடு கேட் கம்பியில் முன்னங்காலை ஊன்றி, தொங்கிய பையை முகர்ந்துகொண்டிருந்தது.

“ஏய்! ச்சூ! போ!”

செருப்பைக் கழற்றி வீசினார். ஆடு ஒரு கடி கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு ஓடியது. கிழிந்த மூலை வழியாகக் கறுத்த மிளகாய் ஒன்று மண்ணில் விழுந்தது. மீதியை அவர் குழந்தையைத் தாங்குவதுபோல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு திரும்பினார்.

“பாவம், மனுஷன் கலங்கிப் போயிட்டாரு” என்று யாரோ சொன்னார்கள்.

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அங்கே அப்படி உட்கார்ந்ததில்லை. கட்டிய பைக்குள் கிடந்து மிளகாய் நன்றாக வெந்து தளர்ந்திருந்தது. விரலால் தள்ளியதும் கரித்தோல் கழன்று, உள்ளே சிவப்பு பளபளத்தது.

பேட்ரிசியா வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியாமச் செஞ்சுட்டேண்ணே.”

“யாருக்கும் தெரியாது. விடு.”

“ஆனா துக்க வீட்ல, அடக்கம் ஆகுறவரைக்கும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதே. ஜனங்க நாளைக்கு ஒண்ணு பேசும்.”

“அடுப்பு வேணாம். நெருப்பு வேலையெல்லாம் அவளே முடிச்சுட்டா.” சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே கேட்டது. குனிந்துகொண்டார். “அடுப்பை அணைச்சு, மூடியும் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கா.”

“குழாயில காட்டினா தோல் ஒரு நிமிஷத்துல போயிரும். குடுங்க.”

“தண்ணி படக் கூடாது. படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா.”

ஒரு தடவை அவர் கழுவியே விட்டார். ‘ருசியைச் சாக்கடையில ஊத்திட்டு நிக்கிறீங்களே, மவராசா’ என்று ரோசரி அன்று முழுக்கப் பொரிந்து தள்ளினாள். இன்று துளித் துளியாகக் கையாலேயே உரித்தார். விரலெல்லாம் கரி. நகக்கண்ணில் ஏறியது வழிக்க வழிக்க வரவில்லை.

“அற்புதம்.”

வீரராகவன் வந்திருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். ஸ்ரீரங்கத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்தவர், நண்பன் தரையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார்.

“என்னடா பண்ணிண்டிருக்கே?”

“பாப்பா கேட்டிருக்கா. ஊறணுமாம்.”

வீரராகவன் வேஷ்டியை ஒதுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். “நாழியாறது. நான் என்ன பண்ணட்டும்?”

“பூண்டு உரிக்கணும். நீ வேணாம், உங்க வீட்ல ஆகாதே.”

“எப்படியும் ஆத்துக்குப் போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணித்தான் ஆகணும். அதோட இந்த வாடையும் போயிடும். குடுடா.”

ஆயுசில் பூண்டைத் தொடாத மனுஷர், ஒவ்வொரு பல்லையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, குட்டி எதிரியோடு மல்லுக்கட்டுவதுபோல உரித்தார். “இது என்னடா, புடவைக்குமேல புடவை கட்டிண்டிருக்கு” என்றார். அற்புதசாமியின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்து, உடனே உடைந்தது. வீரராகவன் பார்க்காததுபோல் அடுத்த பல்லை எடுத்தார்.

அற்புதசாமி மிளகாயைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கினார். நடுநடுவே பூண்டு. வினிகர் கொஞ்சம். மகள் கொண்டுவந்திருந்த ஆலிவ் எண்ணெய் அடியில் சொச்சம்தான் இருந்தது. அதை ஊற்றி, மீதிக்கு நல்லெண்ணெய் விட்டார். ரோசரியும் அப்படித்தான் விடுவாள். பிறகு மேடையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சர்க்கரை, ரவை, மறுபடி சர்க்கரை.

“ரோசரி, உப்பு எங்க வச்சிருக்க?”

கூடத்தில் ஜெபமாலை இரண்டாம் தடவையாக நின்றது.

டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி அவர் அசையாமல் நின்றார். பேட்ரிசியா உள்ளே வந்து, கீழ்த்தட்டிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து, இரண்டு சிட்டிகை எடுத்துப் பாட்டிலில் தூவினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. மூடியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

“சட்டையை மாத்துங்கண்ணே. பாப்பா சொல்லியிருக்குல்ல?”

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். கரி மேலாகத்தான் போயிற்று.

கார் எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி விமான நிலையச் சாலையில் திரும்பியபோது வீரராகவன் கேட்டார். “எப்படிச் சொல்லப் போறே?”

“தெரியலடா.”

“நான் சொல்லட்டுமா?”

அற்புதசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தார். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா’ என்று தொடங்கலாமா? ‘அம்மா நம்மள விட்டு’ என்றா? வாய்க்குள் சொல்லிப் பார்த்த ஒரு வாக்கியமும் இரண்டாவது வார்த்தையைத் தாண்டவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்து மூடித் திறந்தது. கும்பலுக்கு நடுவில் ஜாஸ்லின் தெரிந்தாள். தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகள், மேலே ஒரு பை. அவரைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள். அவருக்கு இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். பிறகு பின்னால்.

“அப்பா! வெள்ளைச் சட்டையா? அட, அம்மா பேச்சைக் கேட்டுட்டீங்களே! எங்க அந்த மேடம்? கார்லயே உக்காந்துட்டாங்களா?”

அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு மாறாமலே அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் கறுப்பு. விரல் ரேகைகளில் கரி இழையிழையாக ஓடியிருந்தது. பூண்டு வாசனை. காபி டம்ளரைக்கூட எடுத்துக் கழுவாத அப்பாவின் கை.

“நீங்களா உரிச்சீங்க?”

அவர் தலையசைத்தார்.

“ஏன்ப்பா நீங்க உரிச்சீங்க?”

வெளியே டாக்ஸிக்காரர்கள் ஊர்ப்பேர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர். ஜாஸ்லின் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பார்வை கீழே இறங்கியது. அவளுடைய சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று அவர் பார்க்கவில்லை.

பிறகு அவள் கேட்டாள். குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

“சுட்டது... அம்மாதானேப்பா?”

“ஆமாம்மா. சுட்டது அம்மாதான்.”

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு அந்த விரல்களை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடி விட்ட தள்ளுவண்டி, சரிவில் தானாகவே மெல்ல உருண்டு போயிற்று. வீரராகவன் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்.