படிவத்தில் முதல் பெயர்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் ஆய்வாளராக இருக்கும் என் மகன், கட்டட வடிவமைப்புப் பொறியாளரான மருமகள், வெளிநாட்டு வேலை அனுமதிக்கு விண்ணப்பம் தயாரித்துத் தரும் ஆலோசகர். வேறு யாரும் இல்லை.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். மகன் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பார்க்கவே தலை சுற்றுகிறது என்று என் மனைவி இரண்டு முறை சொல்லியும் நிற்கவில்லை.

ஆலோசகர் இரண்டு வழிகளைச் சொன்னார். முதலாவது மதிப்பெண் முறை. படிப்பு, அனுபவம், மொழித்தேர்வு எல்லாம் கூட்டித் தேறினால், எந்த நிறுவனத்தையும் சாராமல் போகலாம். மகன் பெயரில் அப்படிப் போவதாகத்தான் என் ஏற்பாடு. மற்றது, வேலை தரும் நிறுவனமே எடுத்துத் தரும் அனுமதி. மருமகளுக்கு அங்கே ஒரு நிறுவனம் வேலை கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அன்று புதன்.

பிறகு மகனின் அனுபவச் சான்றிதழை என் பக்கம் திருப்பினார். அந்த நாட்டுக்குத் தேவையான தொழில்களின் பட்டியலில் வெல்டிங் ஆய்வாளர் உண்டு. சான்றிதழில் இருந்ததோ துணை மேலாளர். அது பட்டியலில் இல்லை. திருத்தி வாங்கி மறுபடி மதிப்பிட நான்கு மாதம் ஆகும் என்றார்.

அதற்குக் காரணம் நான். நான் ஓய்வுபெற்றதும் அதே தொழிற்சாலையில்தான். மகனின் கல்யாணப் பத்திரிகையில் எடுப்பாக ஒரு பதவி வேண்டுமென்று பணியாளர் அதிகாரியிடம் கேட்டேன். என் மேல் இருந்த மரியாதையில் அவர் பதிவேட்டிலேயே மாற்றிவிட்டார். மகன் பார்க்கும் வேலை மாறவில்லை. எதையும் மறைத்துப் பழக்கமில்லாததால் இதை அங்கேயே சொன்னேன்.

"மாப்பிள்ளை சட்டையில தீப்பொறி பட்ட ஓட்டை, பத்திரிகையில துணை மேலாளர். எங்க வீட்ல அப்பவே சிரிச்சாங்க, மாமா" என்றாள் மருமகள்.

அவள் பெயரில் விண்ணப்பித்தால் கணவனாக மகனும் கூடவே போகலாம், அங்கே வேலையும் பார்க்கலாம் என்றார் ஆலோசகர். மகனின் நடை நின்றது.

"நீங்க சரின்னு சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேம்பா. நான் போகலேன்னா அவளும் போக மாட்டா."

பெண்டாட்டி பெயருக்குக் கீழே பெயர் எழுதிப் போன ஆண் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றேன். என் மனைவி கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நீங்க வாங்கிக் குடுத்த பதவிதாங்க அவன் காலைக் கட்டிப்போட்டிருக்கு. இவ காலையும் சேர்த்துக் கட்டணுமா?"

நாற்பது வருடக் குடித்தனத்தில் பிறர் எதிரே அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே ஒருவன் வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தான். அது கிளம்பும் முன்பே ஆலோசகரிடம் படிவத்தையும் பேனாவையும் கேட்டு வாங்கினேன்.

என் சம்மதமில்லாமல் மருமகள்தான் மகனை இழுத்துக்கொண்டு போனாள் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். விண்ணப்பத்தில் முதல் பெயர் அவளுடையது. அதை எழுதியது நான்.